கேப்டன் நாற்காலிக்குக் கீழே

திங்கட்கிழமை காலை எட்டேகால் மணி. ஸ்ரீவராகத்து வீட்டில் பிச்சையா அண்ணாச்சி மூன்றாவது தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. கையெல்லாம் சட்னி. சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினார். அது நேரே ஸ்பீக்கரில் போய் விழுந்தது.

“அண்ணாச்சீ, பூவாறிலேருந்து பிஜியாக்கும். நீலாம்பாள் வல்லாத்த நாத்தம். கிட்ட நிக்க முடியல்ல, கேட்டோ?”

அடுப்படியில் தோசை திருப்பும் சத்தம் நின்றது.

நீலாம்பாள் என்பது பூவாறு காயலில் நிற்கும் அண்ணாச்சியின் படகு. அடுப்படியில் நிற்கும் அண்ணாச்சியின் மனைவிக்கும் அதே பெயர். படகு வாங்க மனைவி சம்மதிக்க வேண்டுமே என்று அவள் பெயரையே படகுக்கு வைத்தவர் அவர். யோசித்துச் செய்த காரியம் எது, யோசிக்காமல் செய்தது எது என்று அப்புறம்தானே தெரியும்?

“யாருங்க அது?” என்று கேட்டுக்கொண்டு நீலாம்பாள் வந்தாள். கையில் தோசைத் திருப்பி.

“பிஜி. படகைச் சொல்லுதான்ளா.”

“படகுன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொன்னா அவன் நாக்கு தேஞ்சா போகும்?”

“அண்ணாச்சி,” போன் விடவில்லை, “வியாழாழ்ச பதினோரு மணிக்கு சர்வே. ரேஷ்மி மேடம் வரும். இந்த நாத்தத்தோட கண்டா சர்டிபிகேட் தராது.”

தோசை தொண்டையில் நின்றது.

அந்தத் தோசை ஏன் நின்றது என்று தெரிய வேண்டுமானால் அண்ணாச்சியின் இரண்டு வாழ்க்கையும் தெரிய வேண்டும். முப்பத்துநாலு வருஷம் சாலைக் கடைத்தெருவில் பெருங்காய வியாபாரம். கடையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு ஒதுங்கியபோது வயது அறுபது. வீட்டில் அவர் சொல் எடுபடாது. என்ன குழம்பு என்பது இருக்கட்டும், மின்விசிறி இரண்டில் சுற்றுவதா மூன்றில் சுற்றுவதா என்பதுகூட அவர் கையில் இல்லை. அதனால்தான் படகு வாங்கினார். ஒரு படுக்கை அறை, ஒரு அடுப்படி, ஒரு கக்கூஸ் உள்ள சின்ன ஹவுஸ்போட். ஓட்டுவதற்கு பிஜி. அவன் முன்னால் ஒரு மர முக்காலியில் உட்கார்ந்து சக்கரம் பிடிப்பான். அண்ணாச்சி பின்பக்கம் ஒரு மேடை போட்டு, கடையில் தான் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியைக் கொண்டுபோய் அதில் போல்ட் போட்டு இறுக்கினார். கேப்டன் நாற்காலி!

முதல் சவாரியிலேயே அது நடந்தது. நாலு விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணாச்சி நாற்காலியை அரைச் சுற்றுச் சுற்றி, “நீலா, ஒரு காப்பி” என்றார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் குரல் அவருக்கே புதுசு. நீலாம்பாள் காப்பி கொண்டுவந்தாள். கூடவே ஒரு பார்வையும் கொண்டுவந்தாள். காப்பியைப் பார்த்தவர் பார்வையைப் பார்க்கவில்லை.

மறுநாளே ஒரு பலகை எழுதி, படகின் முன்தளத்தில் தூணோடு தூணாக அடித்துவிட்டார். தன் கையெழுத்தில், வெள்ளை பெயிண்டில்:

‘இந்தப் படகில் நாற்காலியில் இருப்பவரே கேப்டன். கேப்டன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.’

பெயர் போட்டால் பெருமையடிப்பது மாதிரி இருக்கும் என்று போடவில்லை. அண்ணாச்சிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அடக்கம் வந்தது, அன்றைக்குத்தான்.

சர்டிபிகேட் இல்லையென்றால் படகு நகரக்கூடாது. படகு நகராவிட்டால் விருந்தாளி இல்லை. விருந்தாளி இல்லாவிட்டால் நாற்காலி இல்லை. நாற்காலி இல்லாவிட்டால்? மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

பிச்சையா தட்டில் கையை உதறி எழுந்தார். “வியாழக்கிழமைக்குள்ள அந்த நாத்தத்த ஒழிக்கல, எம் பேரு பிச்சையா இல்ல!”

“பேர மாத்த கெஜட்டுக்கு எழுதிப் போடணும். நாளாகும். இப்பவே போட்டுருங்க,” என்றாள் நீலாம்பாள்.

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறும்போது அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனார். ஆசையில் இல்லை. வேறு வழியில்லை. அண்ணாச்சிக்கு மூக்கு உண்டு, எடுப்பான மூக்கு, தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லலாம். ஆனால் முப்பத்துநாலு வருஷம் பெருங்காயத்தோடு குடித்தனம் நடத்திய மூக்கு. மல்லிகையும் அதற்கு ஒன்றுதான், மாட்டுத் தொழுவமும் ஒன்றுதான். வீட்டில் பால் அடிப்பிடித்தால் பக்கத்து வீட்டு ஷிஜா சுவருக்கு மேலே தலைநீட்டிச் சொன்னால் உண்டு. நாற்றத்தை ஒழிக்கப் போகிறவருக்கு நாற்றம் இருக்கிறதா, போய்விட்டதா என்றே தெரியாது. பெண்டாட்டி மூக்கைத்தான் இரவல் வாங்கவேண்டும்.

இரவல் மூக்கோடு வாயும் சேர்ந்து வந்தது.

“ம்ம்… இது எலி செத்த நாத்தம் இல்ல. அழுகின முட்டை. அதுவும் ஒரு கூடை முட்டை,” என்று படகில் கால் வைத்ததும் சேலைத் தலைப்பால் மூக்கை மூடினாள்.

பிஜி நாற்பத்தைந்து வயது ஆள். படகோடு பிறந்தவன். பின்பக்கத்துப் பலகையைத் தூக்கிக் காட்டினான். கேப்டன் நாற்காலி மேடைக்கு நேர்கீழே, கறுப்பாக, எருமைக் கன்று படுத்திருப்பது மாதிரி ஒரு பிளாஸ்டிக் தொட்டி. படகுக் கக்கூஸிலிருந்து வருவதெல்லாம் அதில்தான் சேரும். காயலில் விடக்கூடாது, சட்டம். நிறைந்ததும் உறிஞ்சுகிற வண்டி வந்து எடுக்கும். அந்த வண்டியும் அடுத்த வாரம்தான்.

“அண்ணாச்சி, டாங்குக்குக் காத்து வேணும்,” என்றான் பிஜி. “இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஜீவன் உண்டு, ரெண்டு ஜாதி. காத்து குடிக்கிற ஜீவன் மரியாதைக்காரன், நாத்தமில்லாம வேலை செய்யும். காத்து கிட்டாம அது செத்துப் போனா மத்தவன் கேறி வருவான். இந்த நாத்தம் அவன்றே நாத்தமாக்கும். இதோட காத்துக்குழாயோ, பாருங்க, சுண்டுவிரல் தடிதான். பத்தடி நீளம். மூணு வளைவு. நான் அன்னிக்கே பறஞ்சு…”

“நிறுத்துடே,” என்றார் பிச்சையா. “நாத்தத்துக்குக் காத்து குடுக்கணுமாம்! ஊர் பூரா அள்ளிட்டுப் போகவா? நான் யாரு? முப்பத்துநாலு வருஷம் நாத்தத்த டின்னுல போட்டு அடக்கி ஆண்டவன். சாலையில என் கடையில ஆயிரம் டின் பெருங்காயம் இருக்கும். வாசல்ல நிக்கவனுக்கு வாசம் வராது. ஏன்? மூடி! மூடிய இறுக்குனா முடிஞ்சது காரியம்.”

“பெருங்காயம் உசிரோட இருக்காது அண்ணாச்சி. இது ஜீவனுள்ளதல்லோ…”

கேட்பாரா? பையிலிருந்து அரக்கு எடுத்தார், துணி எடுத்தார், மெழுகு எடுத்தார். தொட்டி மூடியைச் சுற்றித் துணி வைத்து அரக்கை உருக்கி ஊற்றினார். குழாய்ச் சந்துகளில் மெழுகை அப்பினார். பெருங்காய டின்னுக்கு அடிக்கிற மாதிரியே கடைசியில் கட்டைவிரலால் ஒரு முத்திரையும் வைத்தார்.

நீலாம்பாள் அந்தப் பக்கமே வரவில்லை. படகின் இடது விலாப் பக்கம் போய் நின்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து எதையோ ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை படகில் ஏறியதும் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி: “நாறுதா?”

நீலாம்பாள் முகர்ந்தாள். “இல்ல.”

“நல்லாப் பாரு.”

“இல்லங்க. சுத்தமா இல்ல.”

அண்ணாச்சி நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். பிஜியைப் பார்த்து, “ஜீவனாம், ஜாதியாம்!” என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “நீலா, ஒரு காப்பி” என்றார். கொஞ்சம் யோசித்து, “பிஜிக்கும் ஒண்ணு” என்றும் சேர்த்தார். வெற்றி பெற்றவர் தாராளமாக இருக்கவேண்டும் அல்லவா?

பத்தரை மணிக்குக் காயலில் அலை இல்லை. காற்றும் இல்லை. மீன மாசத்து வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கையிலிருந்த காப்பி டம்ளரில் மட்டும் காப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

“பிஜி, படகு சரியுதாடே?”

“இல்லல்லோ. தண்ணி சமமாயிட்டல்லே கிடக்குது.”

“பின்ன நான் ஏன் சரியுதேன்?”

க்ரீச். நாற்காலியின் ஒரு போல்ட் முனகியது. பிஜி ஓடிவந்து பலகை இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தான். பார்த்தவன் நிமிராமல் அப்படியே பேசினான், மெதுவாக, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி.

“அண்ணாச்சி… பதுக்கே, மெல்ல எந்திரிங்க. குதிக்க வேண்டா.”

“என்னடே?”

“டாங்க் பூரி மாதிரி வீங்கியிட்டுண்டு. மேடையத் தூக்குது.”

அதே நேரம் கக்கூஸ் பக்கமிருந்து ‘டபுக்’ என்று ஒரு சத்தம் வந்தது. மூன்று பேரும் அந்தக் கதவைப் பார்த்தார்கள். இன்னொரு ‘டபுக்.’ நீலாம்பாள் போய் அந்தக் கதவை வெளியே தாழ் போட்டாள். பிறகு அடுப்படியிலிருந்து அம்மிக்குழவியைக் கொண்டுவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தாள்.

“ரெண்டு பேருக்கும் சொல்லுதேன். அவசரம்னா கரைக்குப் போங்க,” என்றாள்.

அண்ணாச்சி ஊதுகிற பலூன் மேல் உட்கார்ந்த பூனை மாதிரி அங்குலம் அங்குலமாக எழுந்தார். நெற்றியில் வேர்வை. நாளை மறுநாள் சர்வே. மூடியைத் திறந்தால் நாறும். திறக்காவிட்டால் வெடிக்கும். வெடித்தால்… அதை நினைக்கவே அவருடைய செத்த மூக்குக்கும் உயிர் வந்துவிடும் போலிருந்தது.

“காத்துக்குழாய் எங்கயோ அடஞ்சு கிடக்கு,” என்று பிஜி இடது விலாவில் எட்டிப் பார்த்துக் கத்தினான். “இதா! குழாய் வாயில குளவி கூடு வச்சிட்டுண்டு! மண்ணு!”

அப்பாடா என்றிருந்தது அண்ணாச்சிக்கு. இவ்வளவுதானா? பழைய குடையிலிருந்து ஒரு கம்பியை உருவிக்கொண்டு ஓடினார். கம்பி கூட்டைத் தொட ஒரு விரற்கடை இருக்கும்.

“தொடாதீங்க!”

அந்தக் குரலில் காயல் கொக்குகூட ஒரு கால் மாற்றி நின்றது.

“குளவிக்கூட்ட யாராவது கலைப்பாங்களா? குளவி கூடு கட்டுனா அந்த வீட்ல பிள்ளை பிறக்கும்னு ஒங்க அம்மைதானே சொல்லுவாங்க? ஸ்ரீலட்சுமிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு. நான் ஏறாத கோயில் இல்ல. இப்பத்தான் ஒரு குளவி நம்ம படகுல வந்து கூடு வச்சிருக்கு. ஒரு சர்டிபிகேட்டுக்காக அதக் குத்தப் போறீய. குத்துங்க. ஒங்க பேரப்பிள்ளை, ஒங்க இஷ்டம்.”

குடைக்கம்பி தானாகக் கீழே இறங்கியது.

ஸ்ரீலட்சுமி கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஒரே மகள். போனில் ‘என்னம்மா விசேஷம்’ என்று கேட்பதை அவர் நிறுத்தியே ஒரு வருஷம் ஆகிறது. கேட்டால் அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இருக்காது, அதைத் தாங்கமுடியாது. அண்ணாச்சி அந்த மண்கூட்டைப் பார்த்தார். பெருவிரல் அளவுதான் இருந்தது. அதைக் குத்துவதற்கு அவர் கை வரவில்லை.

“பின்ன என்னளா செய்ய?” என்றார். குரலில் கேப்டன் இல்லை.

“நம்ம வீட்டு வாசல்ல நின்னா கொல்லைவாசல் தெரியுதா இல்லையா? காத்து இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போகுது. ஒத்த ஜன்னல் வச்சா அது வீடா, கோணிப்பையா? தொட்டிக்கும் வலது பக்கம் இன்னொரு குழாய் வைங்க. கூட்டத் தொடவேண்டாம்.”

“சேச்சி பறஞ்சது சரி!” என்று பிஜி துள்ளினான். “ரெண்டு பக்கம் வேணும். குழாய் மணிக்கட்டுத் தடி இருக்கணும். நீளம் குறையணும். வளைவு கூடாது. வளைஞ்சா காத்துக்குச் சோம்பல் பிடிக்கும், போகாது.”

“சரி. அடுப்படி வழியா விடு,” என்றார் பிச்சையா.

“எங் கொழம்புச் சட்டிக்கு மேலயா?” என்றாள் நீலாம்பாள்.

“படுக்கை அறை வழியா?”

“விருந்தாளி தலைமாட்டுலயா?”

“கூரைக்கு மேல கொண்டுபோய்ச் சுத்தி…”

“அஞ்சு வளைவு வரும் அண்ணாச்சி.”

“பின்ன எது வழியாடே?”

பிஜி தரையைப் பார்த்தான். நீலாம்பாள் தண்ணீரைப் பார்த்தாள். தொட்டியின் தலையிலிருந்து வலது விலாவுக்கு நேராக, மூன்றே அடியில், ஒரு வளைவும் இல்லாமல் போக ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியின் நடுவில் ஒரு இரும்புத் தண்டு நின்றது. தண்டின் மேல் கேப்டன் நாற்காலி இருந்தது.

“முடியாது!” என்றார் பிச்சையா.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவர் ஜன்னலோரமாக உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கி வழி எண்ணினார். விழிஞ்ஞம் தாண்டும்போது, “வேற வழி இல்லாமயா போகும்?” என்று ஜன்னலிடம் சொன்னார்.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் அவருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. அரக்கை ஒரு ஓரமாகக் கீறி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடவேண்டியது. நாறுமே? நாறட்டும். பக்கத்திலேயே சாம்பிராணி போட்டுவிட்டால்? எந்த நாற்றத்தையும் இன்னொரு மணம் அமுக்கிவிடும். இது வியாபார ரகசியம். யாரிடமும் சொல்லவில்லை. பிஜி கரையில் கயிறு மாற்றிக்கொண்டிருந்தான். நீலாம்பாள் அடுப்படியில் ரசம் இறக்கிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி பூனை நடை நடந்து, ஒரு கையில் கத்தியும் மறு கையில் தணல் நிறைந்த தூபக்காலுமாகப் பின்பக்கத்துப் பலகையைத் தூக்கினார்.

தொட்டி நேற்றைவிட வீங்கியிருந்தது. அரக்கில் முடி மாதிரி ஒரு விரிசல். அதிலிருந்து ‘ஸ்…’ என்று மெல்லிய சத்தம். அவர் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. தூபக்காலைக் கீழே இறக்கப் போனார்.

“அய்யோ, அண்ணாச்சீ! தீ! தீ கொண்டு போகாதீங்க! அது கேஸாக்கும்! பத்திப் பிடிக்கும்!”

கரையிலிருந்து பிஜி கத்தியது அண்ணாச்சிக்கு என்னவென்று விளங்குவதற்கு முன்னாலேயே நீலாம்பாள் வந்துவிட்டாள். எப்படி வந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கையில் ரசச்சட்டி. ஒரே வீச்சு. தூபக்கால், தணல், வேட்டி, அண்ணாச்சி என்று எல்லாவற்றின் மேலும் மிளகு ரசம். தணல் ‘சொர்ர்’ என்று செத்தது. மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். விரிசல் மட்டும் ‘ஸ்…’ என்றது.

“மேல வாங்க,” என்றாள் நீலாம்பாள். அவருடைய தோளிலிருந்து ஒரு கறிவேப்பிலையை எடுத்தாள். “ஒங்களுக்கு மணக்கலைன்னா அது இல்லைன்னு அர்த்தமா? அந்தக் கேஸு ஆளையே சாய்ச்சுப்புடும். மூக்கு உள்ளவன் ஓடித் தப்பிச்சுக்கிடுவான். நீங்க நின்னு சாம்பிராணி போடுவீய.”

அண்ணாச்சி பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து நாற்காலியைப் பார்த்தார். கால்பங்கு சாய்ந்து, அது அவரைப் பார்த்தது.

“கழட்டுடே,” என்றார்.

அந்த இரண்டு மணி நேரத்தை அவர் ஆயுளுக்கும் மறக்கமாட்டார். எல்லா ஜன்னல்களையும் திறந்தார்கள். அடுப்பை அணைத்தார்கள். காற்று வருகிற பக்கமாக நின்றுகொண்டு பிஜி ஒரு நீளக் கம்பால் அரக்கை எட்டிக் கீறினான். குக்கர் விசில் அடங்குவது மாதிரி ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஒரு மூச்சு. முடியவே முடியாத மூச்சு. கரையில் ஒரு ஆடு எழுந்து போயிற்று. நீலாம்பாள் ஒரு கையால் மூக்கையும் மறு கையால் அண்ணாச்சியின் வேட்டி நுனியையும் பிடித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்க அவர் ஓரடி வைத்தால் வேட்டி அவரோடு வராது என்பதால் அவர் எட்டிப் பார்க்கவில்லை. தொட்டி மெல்ல மெல்ல அடங்கித் தன் உருவத்துக்கு வந்தது. பிறகு போல்ட் கழன்றது, தண்டு கழன்றது. நாற்காலி இருந்த இடத்தில் மணிக்கட்டுப் பருமனில் ஒரு வெள்ளைக் குழாய், நேராக, மூன்றடி, வலது விலாவில் போய் வாய் திறந்து நின்றது.

“நாற்காலிய எங்க வைக்க?” என்று கேட்டான் பிஜி.

“முன்தளத்துல வை. அந்தத் தூணுக்குக் கீழ,” என்றாள் நீலாம்பாள்.

அண்ணாச்சிக்கு அதைக் கேட்கிற நிலை இல்லை. அவர் ஒரே கேள்வியில் இருந்தார்.

“நாறுதா?”

“லேசா,” என்றாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. “நாறுதா?”

“ம்… பாப்போம்.”

ஒன்பது மணி. “இப்ப?”

“சும்மா சும்மா கேட்டா மூக்கும் கொழம்பிப் போகும்.”

பத்தே முக்காலுக்கு அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொந்த மூக்கு இல்லாதவன் படும் பாட்டை அன்றைக்குத்தான் அறிந்தார். பதினோரு மணிக்கு ரேஷ்மி மேடம் வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பேட், கண்ணில் சிரிப்பு இல்லை. எஞ்சினைப் பார்த்தாள். லைஃப் ஜாக்கெட் எண்ணினாள். கக்கூஸைத் திறந்தாள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். பின்பக்கத்துப் பலகையைத் தூக்கச் சொன்னாள். தொட்டியை டார்ச் அடித்துப் பார்த்தாள். எழுதினாள். பிறகு முன்தளத்துக்கு வந்தாள். நடை நின்றது.

முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

“இவிடெ ஒரு மணம் உண்டல்லோ.”

அண்ணாச்சி தூணை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிஜி தண்ணீரைப் பார்த்தான்.

“என்ன… என்ன மணம் மேடம்?” என்றார் அண்ணாச்சி.

அவள் குனிந்து, நாற்காலியின் மெத்தையில் மூக்கை வைத்தாள். “சாம்பாருல இடுமே, அது. காயம்!” முதல் தடவையாகச் சிரித்தாள். “வேற ஒரு நாத்தமும் இல்ல. ரெண்டு பக்கமும் காத்துக்குழாய் வச்ச படகு நான் இந்தக் காயல்ல கண்டிட்டில்ல. ஐடியா யாருது?”

“என்னுது,” என்று சொல்ல அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

“சேச்சியுட,” என்றான் பிஜி.

ரேஷ்மி மேடம் விலாப் பக்கம் எட்டிப் பார்த்தாள். “பக்ஷே இடது பக்கம் மண்ணு அடச்சிருக்கே. அதும் தொறக்கணும். தொறந்தா இப்பவே ஒப்பு வைக்கலாம்.”

அண்ணாச்சி நிமிர்ந்தார். பேரப்பிள்ளை விஷயம். “மேடம், அத மட்டும் தொடமுடியாது. அது வந்து… எங்க குடும்பத்து…”

பேசி முடிக்கவில்லை. நீலாம்பாள் விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போய், அடிக்கட்டையால் ஒரே இடி இடித்தாள். பொத்தென்று மண்கூடு காயலில் விழுந்து கரைந்தது. குழாய் வழியாகக் காற்று உள்ளே போகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“ஏளா! கூடு! குளவி!”

“அது பழங்கூடுங்க. ஒவ்வொரு அறையிலயும் ஓட்டை விழுந்து கிடந்தது. குஞ்செல்லாம் எப்பவோ பறந்துபோச்சு. காலிக் கூட்டக் கலைச்சா ஒரு தோஷமும் இல்ல.”

“எப்பத் தெரியும் ஒனக்கு?”

“திங்கக்கிழமையே.”

அண்ணாச்சி முன்தளத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். திங்கட்கிழமையே ஒரு குடைக்கம்பி போதும். நாற்காலி நாற்காலியாக இருந்திருக்கும்.

“அப்ப… ஸ்ரீலட்சுமி?”

“அவளுக்கு வரவேண்டிய நேரத்துல வரும்,” என்றாள், கொஞ்சம் தணிந்த குரலில். “அது குளவி கையில இல்ல.”

ரேஷ்மி மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கரையேறிப் போனாள். பிஜி மர முக்காலியில் உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினான். படகு கண்டல் மரங்களுக்கு நடுவே, ஒரு கெட்ட மூச்சும் இல்லாமல், காயல் கடலில் சேரும் பொழிமுகத்தைப் பார்த்துத் திரும்பியது. அண்ணாச்சி சர்டிபிகேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ‘போகட்டும், படகாவது மிஞ்சியதே’ என்று மனசைத் தேற்றியபடி முன்தளத்துக்கு வந்தார்.

நாற்காலியில் நீலாம்பாள் உட்கார்ந்திருந்தாள். காலை எக்கி ஒரு தள்ளுத் தள்ளினாள். ஒரு முழுச் சுற்று. சுற்றி முடிந்து அவருக்கு நேராக வந்து நின்றாள்.

“ஏங்க.”

“என்னளா?”

“ஒரு காப்பி.”

அண்ணாச்சி கோபமாக வாயைத் திறந்தார். அவள் ஒரே ஒரு விரலைத் தூக்கித் தலைக்கு மேலே இருந்த தூணைக் காட்டினாள். வெள்ளை பெயிண்டில், அவருடைய கையெழுத்தில், பலகை வெயிலில் பளபளத்தது. பிஜி ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்தபடி, யாருக்கோ கேட்கவேண்டும் என்பது போல, அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டார். சர்டிபிகேட்டை மடித்து மடியில் செருகினார். அடுப்படிப் பக்கம் திரும்பி இரண்டு எட்டு வைத்தார்.

“சீனி கம்மியா,” என்றார் கேப்டன்.